குடமும் பீப்பாயும்

மயிலைக் கபாலீசுவரர் கோவிலைச் சூழ்ந்த மாட வீதிகளிலே, தைப்பொங்கலுக்கு முன்னாட்களிற் சென்றவர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வைக்கோலின்மேல் அடுக்கிய மட்பானைகளுள் ஒன்றை ஒரு மூதாட்டி எடுக்கின்றாள். இடக்கை விரல்நுனிகளில் அதனை ஏந்தி, வலக்கை விரலை மடக்கி ஒரு முறை தட்டுகின்றாள். காதைச் சாய்த்துக் கேட்கின்றாள். 'கணீர்' என்றால் பானை நல்லது. 'பொத்' என்றால் எங்கோ கீறல் உண்டு. இசையிலக்கணம் ஒன்றும் கல்லாத அம்மூதாட்டி, கண்ணுக்குப் புலனாகாத பழுதினைக் காதால் அறிந்து விடுகின்றாள். கலம் பேசும் என்பதை மனிதன் முதன்முதல் அறிந்ததும் இவ்வாறு விலை கொடுக்கும் வேளையிலேதான் போலும் என்று நான் நினைப்பதுண்டு.

சென்ற ஆண்டு ஒரு மாலையிற் பெசன்ட் நகர்க் கடற்கரையில் நண்பரொருவருடன் உலாவிக்கொண்டிருந்தேன். மணலில் அமர்ந்த இளைஞர் ஒருவர், இரண்டு வாணலிகளை வாயோடு வாய் பொருத்தினாற் போன்ற எஃகுக் கலம் ஒன்றை மடியில் வைத்து விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். மணியோசை போலவும் நீருக்குள்ளிருந்து எழுவது போலவும் இனியதோர் ஒலி எழுந்தது. "இது மேனாட்டுப் புதுமை, நம்மவர்க்கு இப்படி ஒன்று தோன்றுமா?" என்றார் நண்பர். நானும் ஆமென்று தலையசைத்து விட்டேன். பின்னர் நூல்களைப் புரட்டியபொழுதுதான் அத்தலையசைப்பு பிழை என்று தெரிந்தது. அக்கருவிக்குப் பெற்றோர் இருவர். ஒருவர், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டிரினிடாடில் எண்ணெய்ப் பீப்பாயிற் பிறந்த 'ஸ்டீல் பான்'. மற்றவர், நம் கச்சேரி மேடைகளில் மிருதங்கத்துக்கு அருகே அடக்கமாக அமர்ந்திருக்கும் கடம். இவ்விரண்டின் வரலாற்றையும், அவை ஒன்றையொன்று சந்தித்த வகையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது. 'டிரம்' என்னும் ஆங்கிலச் சொல் பறையையும் குறிக்கும், பீப்பாயையும் குறிக்கும். சென்னையில் தண்ணீர் லாரி வரும் நாளில் "டிரம்மை வாசலிலே எடுத்து வை" என்று அன்னையர் கூவுகின்றனரே, அந்த 'டிரம்' பின்னையது. 'ஸ்டீல் டிரம்' என்பதிலும் பீப்பாய்ப் பொருளை மறத்தலாகாது. அதனை எஃகுப் பறையென்று பெயர்ப்பார் பாதி பிழை செய்கின்றனர். ஏனெனின் அதன்மேல் தோல் இல்லை. அந்நாட்டார் அதனைப் 'பான்' என்றே வழங்குவர். தட்டு, வாணலி என்பன அச்சொல்லின் பொருள். நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி எனப் பகுத்தனர். கடமோ தோலும் நரம்பும் அற்றது, ஊதும் துளையும் அற்றது, வெண்கலமும் அன்று. ஐந்து வகுப்பிலும் இடமின்றி வெளியே நிற்கும் கருவி அது.

எனினும் குடத்தை முழவாக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் எண்ணிக் காட்டும் தோற்கருவிகளுள் குடமுழா என்பது ஒன்று. திருவாரூர்த் தியாகராசர் கோவிலில் 'பஞ்சமுக வாத்தியம்' என வழங்குவது அதுவே. ஒரே வெண்கலக் குடத்தினின்று ஐந்து வாய்கள் எழும். ஒவ்வொன்றும் தோல் போர்த்தது. ஒவ்வொன்றன் ஒலியும் வேறு. ஒரே கலத்திற் பல ஒலிகளை அமைத்தல் என்னும் இக்கருத்தை மனத்திற் கொண்டு, கடல் கடந்து செல்வோம்.

டிரினிடாட் தீவை 1797ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். அதற்கு முன்னரே பிரெஞ்சுக் கத்தோலிக்கத் தோட்டக்காரர் பலர் தம் அடிமைகளுடன் அங்குக் குடியேறியிருந்தனர். லெந்து நாட்களின் நோன்புக்கு முன், சாம்பற் புதனுக்கு முந்திய இரண்டு நாட்களில், ஆடிப்பாடிக் களிக்கும் 'கார்னிவல்' என்னும் விழாவை அவர்களே கொணர்ந்தனர். தலைவர்கள் மாளிகைகளில் முகமூடி அணிந்து ஆடினர். அடிமைகட்கு அதில் இடமில்லை. 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை பெற்றபின் அக்கறுப்பு மக்கள் விழாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தனர். கரும்புத் தோட்டம் தீப்பற்றிய இரவுகளிற் சவுக்கடிபட்டு ஓடிய கொடுமையை, தீவட்டியும் பறையும் கொண்டு தாமே ஆடிக் காட்டினர். கான்பூலே என்பது அதன் பெயர். எரிந்த கரும்பு என்பது பொருள். துன்பத்தை விழாவாக்கிய இம்மக்களை ஆட்சியாளர் அஞ்சினர். 1881ஆம் ஆண்டு கார்னிவலிற் காவலர்க்கும் மக்களுக்கும் பெருங்கலகம் மூண்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் தீவட்டி ஊர்வலத்தையும் தெருவிற் பறை முழக்குதலையும் தடுத்தது.

இவ்விடத்தில் நம்மவர் கதையும் வந்து சேர்கின்றது. 1845 முதல் 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேருக்கு மேற்பட்ட இந்தியர், ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறையினின்று சென்றவர். நம் சென்னைத் துறையினின்று சென்றவரும் உளர். அவர்கள் அங்கே மொகரம் திருவிழாவைப் பறை முழக்குடன் கொண்டாடினர். இந்துக்களும் அதிற் கலந்துகொண்டனர். அதே 1884ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், தடையை மீறி ஸான் பெர்னாண்டோ நகருட் புகமுயன்ற ஊர்வலத்தின்மீது காவலர் சுட்டனர், பலர் மாண்டனர். ஆப்பிரிக்கர் பறையும் இந்தியர் பறையும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியால் ஒடுக்கப்பட்டன என்பதை நாம் நினைவிற் கொள்ளல் தகும். ஒடுக்கியவர் நம்மைப் போலவே ஞாயிறுதோறும் ஆலயஞ் சென்றவர்கள் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

பறை போயிற்று, கை சும்மா இருக்குமா? காட்டில் மூங்கில் இருந்தது. அதனை வெவ்வேறு நீளத்தில் வெட்டித் தரையில் ஊன்றி இடித்தும், ஒன்றோடொன்று மோதியும், குச்சியால் தட்டியும் முழக்கினர். பருத்த மூங்கில் 'பூம்' என்று அடித்தளமிட, மெல்லியது மேலே துள்ளும். 'தம்பூ பாம்பூ' என்று இதற்குப் பெயர். தம்பூ என்பது பறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அத்தீவின் தெருக்கள் மூங்கிலோசையாலேயே நடந்தன.

மூங்கில் வெடிக்கும், பிளந்து கையைக் கிழிக்கும், விழா முடியுமுன் நைந்துபோம். 1930களில் இளைஞர் சிலர், மூங்கிலுக்கு மாற்றாகக் கையிற் கிடைத்த இரும்பையெல்லாம் தட்டத் தொடங்கினர். பிஸ்கட் டின், வர்ணத் தகரம், குப்பைத்தொட்டி, பழைய மோட்டாரின் பிரேக் உருளை ஆகியன யாவும் கருவிகளாயின. அவற்றுட் பிஸ்கட் டின்னே நம் கதைக்கு வேண்டியது. ஓயாமல் அடிக்க அடிக்க அதன் முகம் குழியும். சில இடம் புடைக்கும். குழிந்த இடம் ஓரொலியும் புடைத்த இடம் வேறொலியும் தரும். பழுதடைந்த தகரத்தை மீண்டும் நிமிர்த்தப் பின்புறமிருந்து அடித்தவனுக்கு, அடித்த இடமெல்லாம் வெவ்வேறு சுரம் பேசுவது வியப்பாயிற்று. வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன் என்பார் இவ்வாறு சுரங்களைக் கண்டவருள் முதல்வர் என்று பலர் கூறுவர். உரிமை கோருவோர் வேறு சிலரும் உளர். ஒரு தெருவே கூடிக் கண்டதை ஒருவர் தலையில் ஏற்றுதல் அரிது. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, கார்னிவல் நிறுத்தப்பட்டிருந்தது. தெருவில் ஆட இயலாத இளைஞர் கொல்லைப்புறங்களில் அமர்ந்து தகரத்தோடு போராடினர். 1945ஆம் ஆண்டில் ஐரோப்பியப் போர் முடிந்த செய்தி வந்தபொழுது, அவர்கள் வெளியே கொணர்ந்தது தாளக்கருவி மட்டுமன்று. பாட்டு இசைக்கும் கருவி. மறு ஆண்டு கார்னிவலில் ஸ்ப்ரீ சைமன் ஆளுநர் முன்னிலையில் 'ஆவே மரியா'வை வாசித்தார் என்பர்.

எண்ணெய்ப் பீப்பாய் வந்தது இவ்வேளையிலேதான். போரின்பொருட்டு அமெரிக்கப் படைத்தளங்கள் அத்தீவில் அமைந்தன. தீவிலேயே பெட்ரோலிய ஊற்றும் உண்டு. ஆதலால் 55 காலன் கொள்ளும் பீப்பாய்கள் எங்கும் சிதறிக் கிடந்தன. அதுவரை தகரத்தின் முகத்தை வெளியே புடைக்க அடித்து வந்தனர். எல்லி மானெட் என்னும் இளைஞர் பெரிய பீப்பாயை எடுத்து, முகத்தை உட்குழிவாக அடித்தார். குழிவில் இடம் மிகுதி; சுரங்களைப் பெருக்க இயன்றது; வாசிப்போன் கைக்கும் அஃது இசைந்தது. இன்றைய பான் யாவும் அவ்வழியினவே.

அதனைச் செய்யும் முறை நுட்பமானது. பீப்பாயின் அடிமுகத்தைச் சம்மட்டியால் மெல்ல மெல்ல அடித்து, உயர்ந்த சுரங்கட்குரிய பானாயின் இருபது செண்டிமீட்டர் அளவு ஆழ்த்துவர். எஃகு கிழியாமல் விரிதல் வேண்டும். ஓரிடத்தில் அடி மிகுந்தால் அப்பீப்பாய் வீண். பின்னர் சுரங்களின் எல்லையை வரைந்து, உளிபோன்ற மழுங்கிய முளையால் தடம் பதிப்பர். அத்தடம் ஒரு சுரத்தின் அதிர்வு அடுத்த சுரத்தின் வீட்டுக்குள் மிகுதியும் புகாதவாறு தடுக்கும் வரப்பு. பீப்பாயின் பக்கத்தை வேண்டும் நீளத்துக்கு அறுப்பர். உயர்ந்த சுரங்கட்குக் குட்டை, தாழ்ந்தவற்றுக்கு நெடுமை. அதன்பின் நெருப்பிலிட்டுக் காய்ச்சி ஆறவிடுவர். இவ்வளவும் முன்னுரையே. சிறு சுத்தியலால் ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து தட்டி உயர்த்தியும் மேலிருந்து தட்டித் தாழ்த்தியும் சுருதி சேர்க்கும் பணியே தலையாயது. ஒன்றைத் திருத்தினால் அண்டையிலுள்ளது கலையும். அதனைத் திருத்த முன்னது கலையும். வாரக்கணக்கில் நடக்கும் வேலை இது.

இதன் ஓசை ஏன் வெறும் தகரவோசையாய் இல்லாமற் போயிற்று? எந்தக் கலத்தைத் தட்டினாலும் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்கள் பல கலந்தே எழும். தகரத் தட்டில் அவை ஒன்றோடொன்று உறவின்றி எழுவதால் இரைச்சலாகின்றன. நரம்பிலோ அவை முறையாக எழுகின்றன: இருமடங்கு, மும்மடங்கு என. பான் செய்வோர் ஒவ்வொரு சுரவீட்டையும் முட்டை வடிவில் அமைத்து, நீளவாட்டில் தட்டி மேல் ஸ்தாயிச் சட்சத்தையும், குறுக்குவாட்டில் தட்டி அதற்கும் மேலுள்ள பஞ்சமத்தையும் தனித்தனியே சேர்க்கக் கற்றனர். பெர்ட்டி மார்ஷல் என்பார் இவ்வழியிற் பெயர் பெற்றவர். எஃகுத் தகட்டை நரம்பு போலப் பேசவைத்தனர் என்றால் மிகையாகாது. அவர்களுட் பலர் பௌதிகம் கற்றவரல்லர். காதே அவர்கட்கு ஆய்வுக்கூடம்.

இனி வாசிப்பு. நுனியில் ரப்பர் சுற்றிய இரு குறுங்கோல்களே கருவி. கோல் பட்டதும் ஒலி எழுந்து விரைவில் அடங்கும். ஆதலால் நீண்ட சுரம் வேண்டின் இரு கோலாலும் மாறி மாறி மிக விரைந்து தட்டி, மழை போல் இடையறாது ஒலிக்கச் செய்வர். உயர்ந்த சுரப் பான் ஒருவர்க்கு ஒன்றே. அதில் முப்பதை ஒட்டிய சுரங்கள் அடங்கும். தாழ்ந்த சுரத்துக்கு அகன்ற இடம் வேண்டுதலின், மந்தரப் பான் வாசிப்போன் ஆறோ ஒன்பதோ முழுப்பீப்பாய்களின் நடுவே நின்று சுழன்று சுழன்று தட்டுவான். ஒரு பீப்பாயில் மூன்று சுரமே இருக்கும். பெரிய குழுவில் நூறு பேர் வரை நிற்பர். அனைவரும் ஏட்டைப் பாராமல், மாதக்கணக்கில் இரவு தோறும் கூடிப் பயின்றதை நினைவிலிருந்தே வாசிப்பது அவர்கள் வழக்கம்.

சுரங்களைப் பானில் எவ்வரிசையில் அமைப்பது என்பதிற் பலர் பலவாறு முயன்றனர். அந்தோணி வில்லியம்ஸ் கண்ட முறையில், ஒவ்வொரு சுரத்துக்கும் அண்டை வீடு அதன் பஞ்சமம். பன்னிரண்டு சுரமும் இவ்வாறு வட்டமாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேரும். இதனைப் படித்தபொழுது எனக்கு மெய்சிலிர்த்தது. நம் சிலப்பதிகார உரையிற் காணும் வட்டப்பாலையும் இத்தகைய பன்னிரு வீட்டு வட்டமன்றோ? குரலுக்கு இளி, அவ்விளிக்கு இளி என ஏழு நரம்பையும் இராசி வீடுகளில் நிறுத்தும் அம்முறையை, 1917ஆம் ஆண்டில் வெளிவந்த கருணாமிர்த சாகரத்திலே நம் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் விரிவாக ஆய்ந்துள்ளார். வேறுபாடும் உண்டு: வட்டப்பாலையில் வீடுகள் சுரத்தின் ஏற்ற வரிசையில் நிற்க, இளியை எண்ணித் தாண்டிச் சென்று அடைய வேண்டும், வில்லியம்ஸின் பானில் இளியே அண்டை வீட்டில் இருக்கும். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே வட்டத்தை வரைந்தனர். இதனால் அவர்க்கு நாம் ஆசிரியர் என்று பெருமை பேசுதல் தகாது. பஞ்சம உறவு எவர் காதுக்கும் பொதுவானது.

இவ்வளவு செய்தவர்களை அவர்கள் நாட்டார் போற்றினரா? தொடக்கத்தில் இல்லை. பான் வாசிப்போன் என்றாற் போக்கிரி என்பதே மதிப்புடைய குடும்பங்களின் எண்ணம். குழுக்களிடையே தெருச்சண்டைகளும் நிகழ்ந்ததுண்டு. 1951ஆம் ஆண்டில் குழுக்கள் தோறும் தேர்ந்த இளைஞரைச் சேர்த்து, 'டாஸ்போ' என்னும் பெயரில் லண்டன் விழாவுக்கு அனுப்பினர். துருவேறிய பீப்பாய்களுடன் தேம்ஸ் ஆற்றங்கரையில் நின்றவரைக் கண்டு நகைத்த கூட்டம், வாசிப்பைக் கேட்டு வியந்தது. அதன்பின் ஊரிலும் எண்ணம் மாறலாயிற்று. 1963ஆம் ஆண்டில் 'பனோரமா' என்னும் பெரும்போட்டி தொடங்கியது; முதற்பரிசு பெற்றது வில்லியம்ஸின் குழுவே. கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழிவந்த ஜித் சமரு என்பவர், 'ரெனிகேட்ஸ்' குழுவுக்கு இசையமைத்து 1982க்கும் 1997க்கும் இடையே ஒன்பது முறை அப்பரிசை ஈட்டித் தந்தார். 1992ஆம் ஆண்டில் பான் அந்நாட்டின் தேசியக் கருவி என அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஆகஸ்டு 11ஆம் நாளை உலக ஸ்டீல் பான் நாளாக்கிற்று. அதே ஆகஸ்டு 11, 1942ஆம் ஆண்டில் நம் கடம் விநாயக்ராம் பிறந்த நாளாய் அமைந்ததை, சோதிடத்தில் நம்பிக்கையற்ற நானும் குறிக்காதிருக்க இயலவில்லை.

கடத்துக்கு வருவோம். வைகைக் கரையிலுள்ள மானாமதுரையே அதற்குப் பெயர்பெற்ற ஊர். பானையைக் காட்டிலும் தடித்த சுவருடன் சக்கரத்தில் வனைந்து, சற்று உலர்ந்தபின், உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் அடித்து அடித்து இறுக்குவர். அடியும் உலர்த்தலும் மாறி மாறி நாட்கணக்கில் நடக்கும். சுவர் எங்கும் ஒரே தடிப்பாக அமைதல் வேண்டும். இன்றேல் ஒருபுறம் ஒரு சுருதியும் மறுபுறம் வேறொன்றுமாகும். பிறகு சூளை. பானுக்கும் கடத்துக்கும் பெரியதோர் ஒற்றுமை இவ்வடியிலும், பெரியதொரு வேற்றுமை இச்சூளையிலும் உண்டு. பான் கலைந்தால் சுத்தியலால் மீண்டும் சேர்க்கலாம். சூளையினின்று வெளிவந்த கடத்தைச் சுருதி சேர்க்க எவராலும் ஆகாது. நெருப்பு கொடுத்த சுருதியே அதன் ஆயுள் முழுதும். ஆதலால் வித்துவான்கள் பாடகரின் சுருதிக்குத் தக்கவாறு பல கடங்களை வைத்திருப்பர்.

அதனை வாசித்தலில் உடம்பும் கருவியின் ஒரு பகுதி. கடத்தின் வாயை வயிற்றோடு பொருத்தி, அழுத்தியும் நெகிழ்த்தியும் உள்ளடங்கிய காற்றின் ஒலியை ஆழ்த்தவும் உயர்த்தவும் செய்வர். கழுத்திலே விரல்நுனி, நடுவே விரலும் நகமும், அடியிலே மணிக்கட்டு என இடந்தோறும் சொல் வேறுபடும். சுவரின் அதிர்வு கணீரென்றும், உட்காற்றின் அதிர்வு கும்மென்றும் ஒலிக்கும். காலிப்புட்டியின் வாயில் ஊதினால் எழும் ஓசை இக்காற்றின் இனமே. விநாயக்ராம் 1970களில் 'சக்தி' என்னும் குழுவுடன் உலகெங்கும் சென்று இக்கருவியை அறியச் செய்தார். அவர் தந்தையார் ஹரிஹர சர்மா சென்னையில் நடத்திய தாளவாத்தியப் பள்ளியிலே பயின்ற சுகன்யா ராம்கோபால், பெண்கள் கைக்கு ஆகாதென்று எண்ணப்பட்ட இக்கருவியை மேடையில் வாசித்ததோடு, வெவ்வேறு சுருதிக் கடங்களைச் சூழ வைத்து 'கட தரங்கம்' எனப் பாட்டிசைக்கவும் செய்தார். ஒரு கடத்துக்கு ஒரு சுருதி என்னும் தளையை அவிழ்க்க அவர் கண்ட வழி அது.

அதே தளையை வேறொரு வழியில் அவிழ்க்க எழுந்த வேட்கையே கடற்கரையில் நான் கண்ட கருவியின் பிறப்பு. சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் பெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் என்னும் இருவர் 'பானார்ட்' என்ற பட்டறையில் பான் செய்து வந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் ரேட்டோ வேபர் என்னும் தாளக்கலைஞர் அங்கு வந்து, கையால் வாசிக்கத்தக்கதாய், கடம் போன்றதாய், ஆனாற் சில சுரங்களும் உடையதாய் ஒன்று எஃகிற் செய்து தர இயலுமோ எனக் கேட்டார். அவர்கள் குழிந்த பான் ஒன்றைக் கவிழ்த்து, மற்றொரு கிண்ணத்தோடு வாயொட்டினர். குழிவு குவிவாயிற்று; கோல் போய்க் கை வந்தது; நடுவே ஒரு குமிழும் சுற்றிலும் ஏழெட்டுச் சுரமும், கீழ்க்கிண்ணத்தில் கடத்தின் வாயைப் போல ஒரு துளையும் அமைந்தன. அத்துளையினூடே உட்காற்று கும்மென்று பேசிற்று. நைட்ரஜன் ஏற்றி வன்மைப்படுத்திய எஃகுத் தகட்டால் அதனைச் செய்து, தம் ஊர்ப் பேச்சில் 'கை' என்று பொருள்படும் 'ஹாங்' என்னும் பெயரிட்டு, 2001ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினர். 2013ஆம் ஆண்டோடு அவர்கள் அதனை நிறுத்திவிட்டனர். அதற்குள் பிறநாட்டார் பலர் அதனைப் போன்றவற்றைச் செய்து 'ஹாண்ட் பான்' எனப் பரப்பினர். என் நண்பர் மேனாட்டுப் புதுமை என்றாரே, அதன் தந்தை டிரினிடாட் சேரியிலும் தாய் வைகைக் கரையிலும் பிறந்தவர்கள்.

ஒன்று என் மனத்தை உறுத்துகின்றது. டிரினிடாடில் சைமன், மானெட், வில்லியம்ஸ், மார்ஷல் என்று பானைச் செய்தவர் பெயரைச் சிறுவரும் அறிவர். மானெட் பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அத்தொழிலையே கற்பித்து, 2018ஆம் ஆண்டில் மறைந்தார். நம் சபைகளிலோ வாசிப்பவர் பெயர் அழைப்பிதழிலே உண்டு. கருவி செய்தவர் பெயரை யார் அறிவார்? மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி மூட்டும் குடும்பங்களுட் பல நம் கிறிஸ்தவக் குடும்பங்கள், அதிலும் தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளப்பட்டவை. டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றி ஒரு நூலெழுதும்வரை நம்முட் பலர்க்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. கடம் செய்தற்காக மானாமதுரை மீனாட்சி கேசவன் அவர்கட்கு 2013ஆம் ஆண்டுக்குரிய சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. எங்கள் வகுப்பில் அப்பெயரைக் கேட்டேன், ஒருவர்க்கும் தெரியவில்லை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு அது.

சென்ற மார்கழியில் தியாகராய நகரில் ஒரு கச்சேரிக்குச் சென்றேன். தனியாவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போற் சிலர் காப்பி குடிக்க எழுந்தனர். நான் எழவில்லை. முடிந்தபின் மேடையருகே சென்று கடவித்துவானை வணங்கி, கடத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தூக்கிப் பார், தம்பி. பார்த்து, நழுவவிட்டு விடாதே" என்று கையிலே கொடுத்தார். நான் எண்ணியதினும் கனமாக இருந்தது.

"யார் செய்தது, ஐயா?"

"மானாமதுரை. அந்தம்மா அடித்தது. ஒரு நாள் முழுதும் அவர் முற்றத்தில் உட்கார்ந்து இருபது கடம் தட்டிப் பார்த்தேன். இது ஒன்றுதான் என்னோடு வருகிறேன் என்றது."

பின் என் கையைப் பிடித்துக் கடத்தின் வாய்க்குள் விட்டார். வெளிப்புறம் கண்ணாடிபோல் வழுவழுப்பு. உள்ளேயோ விரல் பட்ட இடமெல்லாம் சிறு சிறு குழிகள், ஒன்றையடுத்து ஒன்றாக, எண்ணிலடங்காதவை. "அதெல்லாம் கல் நின்ற இடம்" என்றார். கையை எடுக்க மனமின்றிச் சிறிது நேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்தேன்.